அறிவுரை சொல்வதற்கு ஒரு படிப்பா?

பள்ளிகளில் மனநல ஆலோசகராக வேலை பார்ப்பது பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: நானும் ஆக முடியுமா, எங்கே படிப்பது? பதினான்கு ஆண்டுகள் உயிரியல் ஆசிரியையாகவும், அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் பள்ளி ஆலோசகராகவும் இருந்தவள் நான். இந்த இதழ் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: பதினோரு வருடமாகத் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் என்னிடம்தான் வந்து சொல்கிறார்கள். முறையாகப் படித்து ஆலோசகர் ஆக வேண்டும் என்று ஆசை. என் கணவரோ, "அறிவுரை சொல்வதற்கு ஒரு படிப்பா? பதினோரு வருடமாக அதைத்தானே செய்கிறாய்?" என்கிறார். என்ன படிக்கலாம்? — ஒரு வாசகி, கும்பகோணம்

உங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) நடத்தும் வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனைப் பட்டயப் படிப்பு. பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர்கள் சேரலாம். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். முதல் ஆறு மாதம் வீட்டில் இருந்தபடியே பாடம். அடுத்த மூன்று மாதம் நேரில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். கடைசி மூன்று மாதம் சொந்த ஊர்ப் பள்ளியில் செய்முறைப் பயிற்சி. தென் மாநிலத்தவருக்கு மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் வசதி. நானும் அங்கேதான் படித்தேன். அந்தப் பகுதிக்கு மானசகங்கோத்ரி என்று பெயர். மனத்தின் கங்கை பிறக்கும் இடம் என்று பொருள். கன்னடக் கவிஞர் குவெம்பு சூட்டிய பெயர். இந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி இருக்க முடியாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

மூன்று மாதம் வீட்டை விட்டு இருக்க வேண்டுமே என்று தயங்குவீர்கள். அந்த மூன்று மாதத்தில்தான் உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன்.

நேர்முக வகுப்பின் முதல் வாரத்தில் மூன்று மூன்று பேராகப் பிரித்து உட்கார வைத்தார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் மாணவர், மூன்றாமவர் நோட்டோடு பக்கத்தில் இருந்து கவனிப்பவர். நான் ஆலோசகர். கேரளத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை, பள்ளிக்குப் போகப் பிடிக்காத ஒன்பதாம் வகுப்புப் பையனாக நடித்தார். பத்து நிமிடம். எனக்கு ஒரே உற்சாகம். பதினான்கு வருட அனுபவத்தை எல்லாம் அந்தப் 'பையன்' முன்னால் கொட்டினேன். முடிந்ததும் கவனித்தவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். 'இதைச் செய்', 'அப்படி இருக்காதே' என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டிருந்தார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று; நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மொத்தம் பத்தொன்பது. "அந்தப் பையன் எத்தனை முறை வாய் திறந்தான்?" என்று பேராசிரியர் கேட்டார். நான்கு முறை. அதிலும் இரண்டு முறை "சரி மிஸ்."

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பதினான்கு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் என்னிடம் "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த மூன்று மாதமும் அந்தக் கோடுகளைக் குறைப்பதுதான் எனக்குப் படிப்பாக இருந்தது. கடைசி வாரம் இரண்டு கோட்டுக்கு வந்தேன். அறிவுரை சொல்வதற்குப் படிப்பு வேண்டாம் என்று உங்கள் கணவர் சொல்வது சரிதான். சொல்லாமல் இருக்கத்தான் படிப்பு வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி, இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு: எம்.எஸ்சி. ஆலோசனை உளவியல், அல்லது மருத்துவ, மனநலப் பிரிவை எடுத்துப் படிக்கும் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணிப் படிப்பு. வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டியிருக்கும். வார இறுதி வகுப்புகள், பத்து நாள் சான்றிதழ்கள் எல்லாம் இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று எட்டிப் பார்ப்பதற்கு நல்லவை. அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் முன் உட்காராதீர்கள்.

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். எம்.எஸ்சி. உளவியலைத் தொலைதூரக் கல்வியில் படிக்கலாம் என்று ஒரு கல்வி மையத்தில் பணம் கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா? — திண்டுக்கல் வாசகி, வயது 23

கட்டாதீர்கள் அம்மா. 2021இல் வந்த துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியலும் வருகிறது. அதன் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர முறையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்துவிட்டது. 2025 ஜூலை – ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே இது நடப்பில் இருக்கிறது. மையத்தில் என்ன சொன்னாலும் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலை நீங்களே பாருங்கள்.

வீட்டுச் சூழலால் கல்லூரிக்குப் போக முடியாத பெண்கள் எத்தனையோ பேருக்குத் தபால்வழிக் கல்வி கைகொடுத்திருக்கிறது. அந்தக் கதவு மூடியதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து பார்க்காமல், உட்கார்ந்ததை ஒரு மூத்தவர் கவனித்துத் திருத்தாமல், இந்த வேலையைக் கற்க முடியாது.

நேரில் படிக்கும் கல்லூரியைத் தேடும்போது கட்டணத்துக்கு முன்னால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை வாரம் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள்? அங்கே நான் பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி யாரிடம் பேசுவேன்? அவர் எனக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவாரா, அல்லது நாற்பது பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவாரா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கல்லூரி சிறியதாக இருந்தாலும் சேருங்கள். பி.காம். படித்தவர்களை எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்த்துக்கொள்வார்கள். உளவியல் முதுநிலைக்குச் சில கல்லூரிகளில் இளநிலையிலும் உளவியல் படித்திருக்க வேண்டும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எம்.எஸ்சி. முடித்ததும் 'மருத்துவ உளவியலாளர்' என்று பலகை மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். அதற்கான படிப்பு வேறு. பள்ளி ஆலோசகர் நோய்க்குப் பெயர் வைப்பவர் அல்லர், மாத்திரை சொல்பவரும் அல்லர். எந்தப் பிள்ளையை, எப்போது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்று தெரிந்திருப்பது நம் வேலையில் பாதி.

கேள்வி: எனக்கு 47 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. "பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளைகள் மனசு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். — விருதுநகர் வாசகி

தெரியாது என்று நினைத்துக்கொண்டு பிள்ளையிடமே கேட்பீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். 'இதெல்லாம் எனக்குத் தெரியும்' என்ற நினைப்பை விடுவதற்கு எனக்குத்தான் நாள் பிடித்தது. விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஜூன் மாதம் ஒரு தனியார் பள்ளியில் ஆலோசகராகச் சேர்ந்தேன். யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தினமும் எழுதித் தரச் சொல்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகளிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். என்ன செய்வது? — தஞ்சாவூர் வாசகர்

தம்பி, தலைமையாசிரியர் கேட்பதை விட நீங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த வாக்கை நானும் ஒரு முறை கொடுத்தேன்.

2013ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண். இரண்டு வாரமாக இடைவேளைதோறும் என் அறைக்கு வந்து உட்காருவாள், ஒன்றும் பேச மாட்டாள். துப்பட்டா ஓரத்து நூலை ஒவ்வொன்றாக உருவிச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் விரல் நுனி நீலம் பாரிக்கும் அளவுக்குச் சுற்றியிருந்தாள். நான் எதுவும் சொல்லாமல் கையை நீட்டினேன். அவள் விரலை என் கையில் வைத்தாள். நான் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, "யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?" என்று கேட்டாள். "சத்தியமாகச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு அடிக்கடி வரும் உறவினர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்போது நான் சட்டத்தின் முன் நின்றுகொண்டிருந்தேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால்கூட, காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. சொல்லாமல் மறைப்பது 21ஆவது பிரிவின்படி குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். அந்த வீட்டுக்கு அவளை எப்படி அனுப்ப முடியும்? மறுநாள் அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நீங்களுமா?" என்றாள். அவ்வளவுதான். அவள் காப்பாற்றப்பட்டாள், ஆனால் அதன்பின் என் அறைக்கு வரவே இல்லை. இன்னும் மூன்று ஆண்டுகள் அதே பள்ளியில் படித்தாள். வராந்தாவில் எதிர்ப்படும்போது ஒதுங்கிப் போவாள்.

தவறு, சொன்னதில் இல்லை; சத்தியம் செய்ததில் இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும், அது வாய் திறக்கும் முன்பே நான் இதைச் சொல்லிவிடுவேன்: "இங்கே பேசுவது நமக்குள் இருக்கும். மூன்று விஷயத்தில் மட்டும் நான் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டி வரும். உன்னை யாராவது துன்புறுத்தினால், உன்னையே நீ காயப்படுத்திக்கொள்ள நினைத்தால், உன்னால் இன்னொருவருக்கு ஆபத்து என்றால். அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் பேசாமல் போய்விடுவார்கள் என்று பயந்தேன். அப்படிப் போனவர்கள் மிகக் குறைவு. சிலர் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து சொன்னார்கள். எங்கே போய் முடியும் என்று தெரிந்துகொண்டே சொன்னார்கள்.

நாளைக் காலையிலேயே உங்கள் பிள்ளைகளிடம் இதைத் திருத்திச் சொல்லுங்கள். "அன்று நான் சொன்னது முழுதாகச் சரியில்லை" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

புகார் என்று வந்தால் பிள்ளைக்குத் துணையாகச் சில விவரங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் காவல் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ கேட்க வேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். அந்த 'நம்பும் ஒருவர்' நீங்களாக இருக்கக்கூடும். நீங்கள் விசாரணை செய்யாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லை அதே சொல்லில் எழுதி வையுங்கள்.

இனி, தலைமையாசிரியர். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மாதம் ஒரு தாளில் எண்ணிக்கை மட்டும் கொடுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எந்த வகுப்பு, படிப்பா, வீடா, நட்பா, உடல்நலமா. பெயர் வேண்டாம், பேச்சு வேண்டாம். மேலே சொன்ன மூன்று விஷயம் என்றால் அன்றே அவரிடம் வருவேன் என்று எழுத்தில் கொடுங்கள். உங்கள் குறிப்பேட்டில் பிள்ளைக்குப் பெயருக்குப் பதில் ஓர் எண் போடுங்கள். பூட்டுப் போட்ட அலமாரி கேளுங்கள். நான் முதலில் கேட்டு வாங்கியது மேஜை அல்ல, பூட்டு.

கேள்வி: 'ஆலோசகர்' என்ற சொல் சரியா? வேறு நல்ல தமிழ்ச் சொல் இல்லையா? — ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை

ஐயா, பல நாளாக என் மனதில் இருப்பதை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். ஆலோசகர் என்றதுமே 'என்ன செய்யலாம் என்று சொல்பவர்' என்று பெற்றோர் எதிர்பார்த்து வருகிறார்கள். ஈழத்தில் 'உளவளத்துணை' என்கிறார்கள். 'ஆற்றுப்படுத்தல்' என்றும் சொல்கிறார்கள். போரும் சுனாமியும் கண்ட அந்த மண்ணில் இந்த வேலைக்குத் தமிழிலேயே பயிற்சி கொடுத்துத் தமிழிலேயே சொற்களை வளர்த்தார்கள். ஆற்றுப்படுத்தல் என்பதில் ஆறு என்றால் வழி. தான் போய் வந்த வழியை எதிர்ப்படும் இன்னொருவனுக்குக் காட்டும் ஆற்றுப்படை நூல்களைப் பாடம் நடத்திய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'மனத்தை ஆற்றுதல்' என்ற பொருளும் காதில் விழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல்.

ஆனால் பெயரைவிட என்னைத் தடுமாற வைத்தது வேறு. மைசூரில் நாங்கள் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். ஊருக்கு வந்து ஏழாம் வகுப்புப் பையனிடம், "இப்போது எப்படி உணர்கிறாய்?" என்று கேட்டேன். விழித்தான். தமிழில் யார் அப்படிக் கேட்கிறோம்? "ஒரு மாதிரி இருக்கிறது" என்றான். அந்த 'ஒரு மாதிரி'யைத் திறக்கத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. "ஒரு மாதிரி என்றால் எங்கே இருக்கிறது? நெஞ்சிலா, வயிற்றிலா, தொண்டையிலா?" என்று கேட்டால் பிள்ளைகள் உடனே கையை வைத்துக் காட்டுவார்கள். வயிறு பிசைகிறது என்றால் பெரும்பாலும் பயம். நெஞ்சு அடைக்கிறது என்றால் அழ முடியாமல் நிற்கும் துக்கம். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்பான் ஒருவன். சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கிய ஒன்று அவனிடம் இருக்கும். "கையெல்லாம் பரபரக்கிறது" என்பவன் கோபத்தோடு வந்திருப்பான். 'வெறுப்பாக இருக்கிறது' என்பதைச் சில பிள்ளைகள் சலிப்புக்கும் சொல்வார்கள், சாக வேண்டும் போல இருப்பதற்கும் சொல்வார்கள். அங்கே நின்று கேட்க வேண்டும். நம் பயிற்சி வகுப்புகளில் இப்படி ஊர்ப் பேச்சைச் சேர்த்துவைத்துக் கற்றுத்தர வேண்டும் என்பது என் ஆசை. உங்களைப் போன்ற தமிழாசிரியர்கள் அந்த வகுப்புக்கு வர வேண்டும் ஐயா.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகப் பள்ளி ஆலோசகராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் பள்ளிப் பிள்ளை ஒன்று உயிரை மாய்த்துக்கொண்டது. என்னிடம் இரண்டு முறை வந்து பேசிய பிள்ளை. இனி நான் என்ன பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும்? இப்போது தூக்கம் வருவதில்லை. — கோவை வாசகி

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா.

பயிற்சி என்று கேட்டதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்தால் நேராகக் கேட்கப் பழக வேண்டும்: "செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?" என்ற அதே சொல்லில். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. கேட்டால் பல பிள்ளைகளுக்கு மூச்சு விட முடிகிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியம் நாக்கில் எளிதாக வராது. நான் கண்ணாடி முன் நின்று பழகினேன். சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புப் பணி செய்து வருகிறது. அங்கே தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் தொலைபேசி முன் உட்கார வைக்கிறார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. ஆசிரியர்கள், மற்ற பணியாளர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதை உங்கள் நிர்வாகத்திடம் காட்டுங்கள். ஒரு பள்ளியின் பிள்ளைகள் எல்லோரையும் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காவலாளியும், பஸ் நடத்துநரும், பி.டி. ஆசிரியரும் கவனிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் அடுத்த மாத வேலை. இந்த வாரம் நீங்கள் ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும். மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தபின் கை கழுவுவது போல, ஆலோசகருக்கும் தான் கேட்டதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க மூத்தவர் ஒருவர் தேவை. நம் ஊரில் அந்த ஏற்பாடு படிப்போடு முடிந்துவிடுகிறது; வேலைக்குச் சேர்ந்தபின் யாரும் கேட்பதில்லை. படித்த கல்லூரியின் பேராசிரியரிடம் போகலாம். உடனே பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண், டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண், இரவும் பகலும் இருக்கிறது. ஆலோசகர் அழைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நாங்கள் ஐந்து பேர், வெவ்வேறு பள்ளி, மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு தோழியின் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பற்றி, பெயர் சொல்லாமல் பேசுவோம். மற்ற நால்வரும் கேட்பார்கள். பத்தொன்பது கோடு போட்ட நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். சில சனிக்கிழமைகளில் எனக்கு மறுபடியும் கோடு விழுகிறது. ஓய்வு பெற்றபின்னும் போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் நான்கு பேர் இல்லாமல் போக மாட்டார்கள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என்ன உடுத்தியிருந்தது, நாற்காலியில் எப்படி உட்கார்ந்தது, கடைசியாக வந்த நாளில் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போனது, அது இன்னும் உங்கள் அலமாரியில் இருப்பது. உங்களைப் பற்றி, கடைசியில், 'தூக்கம் வருவதில்லை' என்று ஒரு வரி. அடுத்த கடிதத்தை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள். இதழில் வராது, எனக்கு மட்டும் எழுதுங்கள்.